பணம் கால்பந்தைக் கெடுக்கிறதா? ரசிகர் தாமே கணக்குப் பார்ப்பது எப்படி

ஆகஸ்டு மாதம் புதிய சீசன் தொடங்கும்போதெல்லாம் இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் எழுகின்றன. பணக்காரக் கழகங்கள் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுவிட்டன, முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பது ஒன்று; நாட்டின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கில் எந்த அணியும் எந்த அணியையும் வீழ்த்தலாம், இந்த விறுவிறுப்பு வேறெங்கும் கிடையாது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள், தம் அணி சனிக்கிழமை தோற்றதா வென்றதா என்பதைப் பொறுத்து, மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆகவே, மனநிலையை ஒதுக்கிவைத்துவிட்டு, எவருக்கும் கிடைக்கும் எண்களைக் கொண்டு இந்தக் கேள்வியை ஒரு ரசிகர் எப்படிச் சோதிக்கலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இதற்குப் பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப்புத்தகம், பழைய சீசன்களின் புள்ளிப் பட்டியல்கள், நீங்கள் கவனிக்க விரும்பும் ஓரிரு கழகங்களின் ஆண்டுக் கணக்கு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் ஆகியவை போதும். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: அங்குள்ள கழகங்கள் நிறுவனச் சட்டப்படி கணக்கு தாக்கல் செய்ய வேண்டியவை, அந்தக் கணக்கு எல்லார் பார்வைக்கும் திறந்திருப்பது, புள்ளிப் பட்டியல்களோ 1888 முதல் கிடைப்பவை.

முதலில் புகாரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு புகார்கள் அடைந்து கிடக்கின்றன. பட்டத்தை எப்போதும் ஒரு சிலரே வெல்கிறார்கள் என்பது முதலாவது. கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறி வரும் அணிகள் நிலைக்க முடிவதில்லை என்பது இரண்டாவது. முதலாளிகளின் சூதாட்டத்தால் கழகமே அழிந்துபோகிறது என்பது மூன்றாவது. டிக்கெட் விலை ஏறி, அப்பனும் பாட்டனும் நின்று பார்த்த இடத்தில் பேரன் நுழைய முடியவில்லை என்பது நான்காவது. நோட்டுப்புத்தகத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்துக்கு "ஆம்" என்று விடை வந்தால் மற்றப் பக்கங்களுக்கும் அதுவே விடை என்று எண்ணிவிடுவதுதான் இந்த விவாதத்தில் எல்லாரும் செய்யும் பிழை. என் கணக்கில் முதல் பக்கத்தின் விடை பலர் நினைப்பதைவிடக் குழப்பமானது. இரண்டாம் பக்கத்தின் விடையோ பலர் நினைப்பதைவிட மோசமானது.

பட்டங்களை எண்ணும் முறை

சம நீளமுள்ள இரண்டு காலப்பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வெவ்வேறு கழகங்கள் பட்டம் வென்றன என்று எண்ணுங்கள். 1959-60 முதல் 1971-72 வரையிலான 13 சீசன்களில் பர்ன்லி, டாட்டன்ஹாம், இப்ஸ்விச், எவர்டன், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லீட்ஸ், ஆர்சனல், டெர்பி என்று பத்துக் கழகங்கள் வென்றிருக்கின்றன. 2012-13 முதல் 2024-25 வரையிலான 13 சீசன்களில் வென்றவை ஐந்துதான்: மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, செல்சி, லெஸ்டர், லிவர்பூல். 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை 33 சீசன்களில் மொத்தம் ஏழே கழகங்கள் பட்டத்தைத் தொட்டிருக்கின்றன.

இத்தோடு நோட்டை மூடிவிட்டால் புகார் நிரூபணமாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் காலப்பகுதியை நமக்கு வசதியாகத் தேர்ந்தெடுத்தால் எந்த முடிவையும் வரவழைக்கலாம் என்பதால், இடைப்பட்ட ஒரு காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1972-73 முதல் 1989-90 வரையிலான 18 சீசன்களில் லிவர்பூல் மட்டும் 11 முறை பட்டம் வென்றது. அப்போது அரபு நாட்டு முதலாளிகளும் இல்லை, இன்றைய அளவிலான தொலைக்காட்சி ஒப்பந்தமும் இல்லை. ஒரே கழகம் ஆதிக்கம் செலுத்துவது பணம் வந்த பிறகு பிறந்த நோய் என்று சொல்ல முடியாது. அதே காலத்தில்தான், 1977-இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1978-இல் நாட்டின் பட்டத்தையும், 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. உச்சியில் ஒருவர் நெடுங்காலம் அமர்ந்திருப்பது வேறு, அந்த உச்சிக்கு ஏணியே இல்லாமல் போவது வேறு. எண்ணிப் பார்க்க வேண்டியது ஏணியை.

இதே பக்கத்தில் இன்னொரு நிரலும் போடலாம். பட்டம் வெல்ல எத்தனை புள்ளிகள் தேவைப்பட்டன என்று எழுதுங்கள். 1996-97-இல் மான்செஸ்டர் யுனைடெட் 38 ஆட்டங்களில் 75 புள்ளிகள் எடுத்துப் பட்டம் வென்றது. 2018-19-இல் லிவர்பூல் அதே 38 ஆட்டங்களில் 97 புள்ளிகள் எடுத்தும், 98 எடுத்த மான்செஸ்டர் சிட்டிக்கு அடுத்த இடத்தில்தான் நின்றது. முதலிரண்டு அணிகளுக்கு இடையே ஒரே புள்ளி வித்தியாசம் என்பதால் அதை மிகச் சிறந்த போட்டி என்றார்கள். ஆனால் அந்த இரு அணிகளும் மற்றவர்களிடம் அநேகமாகத் தோற்கவே இல்லை என்பதுதான் அந்த 97-க்கும் 98-க்கும் பொருள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு பூஜ்ஜியத்திலிருந்து 19 வரை ஊசலாடுவது; அதை வைத்துச் சமநிலையை அளக்காதீர்கள். முதல் மூன்று அணிகளின் புள்ளிகளைக் கூட்டி, கடைசி மூன்றின் புள்ளிகளையும் கூட்டி, இரண்டையும் ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள்.

விதிவிலக்குகளைத் தனியே குறித்து வையுங்கள். 2015-16-இல் 5000-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் தொடங்கிய லெஸ்டர், 81 புள்ளிகளுடன், ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதலாக எடுத்துப் பட்டம் வென்றது. அதே லெஸ்டர் 2023-இல் கீழிறங்கி, 2024-இல் மேலேறி, 2025-இல் மறுபடியும் கீழிறங்கியது. கோப்பைப் போட்டிகளுக்கும் ஒரு நிரல் ஒதுக்குவது நியாயம்: 2025 மே மாதம் கிரிஸ்டல் பேலஸ் தன் வரலாற்றின் முதல் பெருங்கோப்பையாக, எல்லாப் பிரிவுக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையை, மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று எடுத்தது. அந்த வெற்றியால் கிடைத்த, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இடத்தை, ஒரே முதலீட்டாளருக்குப் பல கழகங்களில் பங்கு இருந்ததால், அந்தக் கழகம் இழந்து, அதற்கும் கீழ்நிலையான கான்ஃபரன்ஸ் லீகில் ஆட நேர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பட்டியலின் அடியைப் பாருங்கள்

இதுவே என் கருத்தில் மிக முக்கியமான பக்கம். ஒவ்வொரு சீசனிலும் கீழ்ப்பிரிவான சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்று அணிகள் பிரீமியர் லீகுக்கு மேலேறுகின்றன. அந்த மூன்றும் அடுத்த ஆண்டு எத்தனை புள்ளிகள் எடுத்தன, எத்தனை நிலைத்தன என்று எழுதுங்கள். 2022-23-இல் மேலேறி வந்த ஃபுல்ஹாம், போர்ன்மத், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆகிய மூன்றும் தப்பின. 2023-24-இல் வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்றும் மொத்தம் 66 புள்ளிகளே எடுத்து உடனே இறங்கின. 2024-25-இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்றும் சேர்ந்து எடுத்தவை 59, மூன்றும் இறங்கின. சவுத்தாம்ப்டன் தனியாக எடுத்தது 12 புள்ளிகள், அதாவது 2007-08-இல் டெர்பி எடுத்த 11 என்ற மிகக் குறைந்த எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். மேலேறிய மூன்று அணிகளும் ஒரே சீசனில் இறங்கியது இதற்கு முன் 1997-98-இல் நடந்தது; அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடந்தது இதுவே முதல் முறை.

காரணத்தைத் தேட, தொலைக்காட்சிப் பணம் பங்கிடப்படும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டு ஒளிபரப்புத் தொகையில் பாதி 20 கழகங்களுக்கும் சமமாகவும், கால்பங்கு பட்டியலில் பெற்ற இடத்தைப் பொறுத்தும், மீதிக் கால்பங்கு எத்தனை ஆட்டங்கள் நேரலையில் காட்டப்பட்டன என்பதைப் பொறுத்தும் பிரிகின்றன. வெளிநாட்டு ஒளிபரப்புத் தொகையின் பெரும்பகுதியும் சமப் பங்குதான். இதன் விளைவாக, 2023-24-இல் பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டிக்கு ஏறத்தாழ 17.5 கோடி பவுண்டும், கடைசி இடத்தில் நின்ற ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு ஏறத்தாழ 11 கோடி பவுண்டும் கிடைத்தன. முதலிடத்துக்கும் கடைசியிடத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 1.6 மடங்கு. ஐரோப்பாவின் பெரிய லீகுகளில் இது தாராளமான பங்கீடு என்றே சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். சாம்பியன்ஷிப்பில் ஆடும் சாதாரணக் கழகத்துக்கு ஒளிபரப்பு வழியாகவும் பிரீமியர் லீக் தரும் உதவித்தொகை வழியாகவும் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு. 20-ஆம் இடத்துக்கும் 21-ஆம் இடத்துக்கும் இடையே இருப்பது படிக்கட்டு அன்று, பத்து மடங்கு உயரமுள்ள மதில். அந்த மதிலிலிருந்து விழுபவர்களுக்கு அடிபடாமல் இருக்க, "பாராசூட்" என்றே பெயரிட்ட தொகை மூன்று ஆண்டுகள் வரை தரப்படுகிறது: முதல் ஆண்டில் சமப் பங்கின் 55 விழுக்காடு, அடுத்த ஆண்டில் 45, மூன்றாம் ஆண்டில் 20. முதல் தவணை மட்டுமே நான்கரைக் கோடி பவுண்டு அளவில் இருக்கும். விழுந்தவருக்கு இது கருணை. அவர்களோடு அடுத்த ஆண்டு மோத வேண்டிய மற்றச் சாம்பியன்ஷிப் கழகங்களுக்கோ பெரும் அநீதி. அதனால்தான் ஒரே சில பெயர்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதை நாம் பார்க்கிறோம்.

நோட்டில் இந்தப் பக்கத்தை நிரப்பும்போது, மேலேறிய ஒவ்வொரு கழகத்தின் பெயருக்கு எதிரிலும் அது முந்தைய ஆண்டுகளில் பாராசூட் தொகை பெற்றதா என்று "ஆம்" அல்லது "இல்லை" என எழுதுங்கள். லூட்டனுக்கு எதிரில் "இல்லை" என்று எழுதும்போது ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். கணக்கு முறைகேடுகளுக்காகவும் திவால் விதிகளை நிறைவேற்றாததற்காகவும் 30 புள்ளிகள் வெட்டப்பட்டு, பிரீமியர் லீகுக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளைக் கொண்ட ஃபுட்பால் லீகைவிட்டே 2009-இல் வெளியேறி, ஐந்து ஆண்டுகள் அதற்கு வெளியே கிடந்து, 2023-இல் உச்சப் பிரிவுக்கு வந்த கழகம் அது. வருகை அணி ரசிகர்கள் வரிசை வீடுகளின் ஊடாக நுழையும் மைதானம் அதனுடையது. ஏணி இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் சரிந்த கழகமும் அதுவேதான்.

கழகத்தின் ஆண்டுக் கணக்கைப் படிப்பது

பிரிட்டனில் நிறுவனங்களின் பதிவேட்டை வைத்திருக்கும் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசு அமைப்பின் தளத்தில் எந்தக் கழகத்தின் கணக்கையும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். பெரும்பாலான கழகங்களின் நிதியாண்டு மே அல்லது ஜூன் மாத இறுதியில் முடிகிறது. தனியார் நிறுவனங்களுக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு என்பதால், முடிந்த சீசனின் கணக்கு அடுத்த ஆண்டு மார்ச் மாத வாக்கில்தான் வந்து சேரும். ஒரே கழகத்தின் பெயரில் மூன்று நான்கு நிறுவனங்கள் இருக்கும். எல்லாவற்றையும் உள்ளடக்கிய குழுமக் கணக்கு எது என்று பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் அரைக்கணக்கை வைத்துக்கொண்டு முழு முடிவுக்கு வந்துவிடுவோம்.

அந்த அறிக்கை நூறு பக்கம் இருந்தாலும் நமக்கு வேண்டியவை சில வரிகளே. முதலாவது வருமானம். இதை மூன்றாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள்: ஒளிபரப்பு, ஆட்ட நாள் வசூல், வணிக வருமானம். மேலே பார்த்தபடி லீக் ஒளிபரப்புத் தொகையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பதால், பெரிய கழகம் எங்கே விலகிச் செல்கிறது என்பதை மற்ற இரண்டும் ஐரோப்பியப் போட்டித் தொகையுமே காட்டிக்கொடுக்கும். மான்செஸ்டர் சிட்டி 2022-23-இல் 71 கோடி பவுண்டுக்கும் மேல் ஈட்டியது. இதில் பாதியளவு வணிக வருமானம். ஒரு காலத்தில் ஆட்ட நாள் வசூலிலாவது வருகை அணிக்கு ஒரு பங்கு இருந்தது. 1983-இல் பெரிய கழகங்களின் வற்புறுத்தலால் அந்த வழக்கம் லீக் ஆட்டங்களில் கைவிடப்பட்டது. பிரீமியர் லீக் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றத்தாழ்வுக்கான கதவு திறந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது சம்பளம். மொத்தச் சம்பளத்தை மொத்த வருமானத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யுஈஎஃப்ஏ, வீரர்களுக்கான சம்பளம், வேறு கழகங்களிலிருந்து அவர்களை வாங்கும் டிரான்ஸ்ஃபர் செலவு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. சாம்பியன்ஷிப் கழகங்களின் கணக்கை எடுத்தால், சம்பளம் மட்டுமே வருமானத்தைத் தாண்டி நூறைக் கடந்திருப்பதைப் பல ஆண்டுகளில் காண்பீர்கள். பிறகு 20 கழகங்களைச் சம்பள வரிசையிலும் புள்ளி வரிசையிலும் அடுக்கி, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரே சீசனை எடுத்தால் ஏமாற்றம் கிடைக்கலாம். 2024-25-இல் மான்செஸ்டர் யுனைடெட் 15-ஆம் இடத்திலும், டாட்டன்ஹாம் 17-ஆம் இடத்திலும் முடித்துவிட்டு, இவ்விரண்டுமே யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மோதின. ஆனால் பத்து ஆண்டுகளின் சராசரியை எடுத்தால், சம்பள வரிசையும் புள்ளி வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் காணலாம். ஊடகங்கள் டிரான்ஸ்ஃபர் தொகையைத் தலைப்புச் செய்தியாக்குகின்றன. அணியின் தரத்தைச் சொல்வது சம்பளப் பட்டியல்.

மூன்றாவது, வீரர்களின் மதிப்புத் தேய்மானம். பத்துக் கோடி பவுண்டுக்கு வாங்கிய வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் இருந்தால், கணக்கில் ஆண்டுக்கு இரண்டு கோடி என்றே செலவு எழுதப்படும். ஒப்பந்தத்தை எட்டு ஆண்டுகளாக நீட்டினால் ஆண்டுச் செலவு 1.25 கோடியாகக் குறைந்துவிடும். 2023 ஜனவரியில் 10.7 கோடி பவுண்டு அளவில் என்ஸோ ஃபெர்னாண்டஸை வாங்கிய செல்சி, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது இந்தக் கணக்கால்தான். அதன் பிறகு யுஈஎஃப்ஏவும் பிரீமியர் லீகும் தேய்மானக் கணக்கை ஐந்தாண்டுக்கு மேல் நீட்ட முடியாதபடி விதியை மாற்றின.

கட்டுப்பாட்டு விதிகள் பற்றி

மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியின்படி எவர்டனுக்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் வெட்டப்பட்டு, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைக்கப்பட்டு, பின்பு மற்றொரு வழக்கில் மேலும் இரண்டு வெட்டப்பட்டன; நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் நான்கு இழந்தது. லீகின் நிதி விதிகளை மீறியதாக மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. கழகம் அவற்றை மறுக்கிறது. விசாரணை 2024 டிசம்பர் வரை நடந்தது. சிறியவருக்குச் சில மாதங்களில் தண்டனை, பெரியவருக்கு ஆண்டுக்கணக்கில் விசாரணை என்ற கசப்பு ரசிகரிடம் ஏற்பட்டதற்கு இதுவே காரணம். இரண்டும் ஒரே அளவுள்ள வழக்குகள் அல்ல என்பதும் உண்மைதான்.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. கழகத்தின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று ஒன்றில்லாததால், அவரை விற்று வரும் தொகை முழுவதும் அந்த ஆண்டின் லாபமாகக் கணக்கில் ஏறுகிறது. எனவே நட்டத்தைச் சரிக்கட்ட விரும்பும் கழகம் முதலில் விற்க நினைப்பது, ரசிகர்கள் "நம்ம பையன்" என்று பாடும் அந்த வீரரையே. சிறு வயதிலிருந்து செல்சியில் வளர்ந்த மேசன் மவுன்ட் 2023-இலும், கானர் காலகர் 2024-இலும் விற்கப்பட்டதை இந்தக் கண்ணோடு பாருங்கள். அதே செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றதாகக் கணக்குக் காட்டியது. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய பணத்தை வரவு என்று எழுதுவதற்கு நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

கழகம் பிழைத்திருக்குமா

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துக் கழகத்தின் உடல்நலத்தை அறிய முடியாது. 1894 முதல் ஃபுட்பால் லீகில் இருந்த, 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி என்ற கழகம், 2019 வசந்தத்தில் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு மேலேறியது. அதே ஆகஸ்டில், கடனை அடைக்கவும் பணமிருப்பதை நிரூபிக்கவும் முடியாமல், லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தக் கழகம் ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. கழகம் பிறந்த ஊரில் வயதானவர்கள் சனிக்கிழமைப் பிற்பகலில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். உச்சியில் ஐந்து பேர் வென்றார்களா பத்துப் பேர் வென்றார்களா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

உங்கள் கழகத்துக்கு இந்த ஆபத்து உண்டா என்று பார்க்க மூன்று கேள்விகள் கேளுங்கள். மைதானம் யாருடைய பெயரில் இருக்கிறது? டெர்பி கழகத்தின் மைதானம் அதன் முதலாளியின் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அது லாபமாகக் காட்டப்பட்டது. 2021-இல் அந்தக் கழகம் திவால் நிர்வாகத்துக்குப் போய், மொத்தம் 21 புள்ளிகள் இழந்து, 2022-இல் கீழிறங்கியது. முதலாளி கொடுத்த பணம் கடனா, பங்கு முதலா? கடனாக இருந்தால் அவர் போகும்போது கேட்க முடியும். கணக்கில் தணிக்கையாளர் "கழகம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் உள்ளது" என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருக்கிறாரா? அந்த ஒரு பத்தியைத் தேடிப் படிப்பது நூறு பேட்டிகளைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

போர்ட்ஸ்மத்தின் கதையை இந்தப் பக்கத்தில் முழுமையாக எழுதுவது நல்லது. 2008-இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணி, தாங்க முடியாத சம்பளச் சுமையோடு 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குச் சென்ற முதல் பிரீமியர் லீக் கழகமாயிற்று. 2013-இல் நான்காம் பிரிவில் கிடந்தது. அந்த ஆண்டு ரசிகர்கள் பணம் திரட்டி, தங்கள் அறக்கட்டளை வழியாகக் கழகத்தை வாங்கினார்கள். 2017-இல் நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்து, அதே ஆண்டு உறுப்பினர் வாக்கெடுப்போடு ஓர் அமெரிக்க முதலீட்டாளருக்குக் கொடுத்தார்கள். 2024-இல் அணி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம், முதலாளிகளைச் சோதிக்கவும் கழகங்களுக்கு உரிமம் வழங்கவும் சுதந்திரமான ஒழுங்காணையத்தை உருவாக்கியிருக்கிறது. பரியையும் டெர்பியையும் போன்ற நிகழ்ச்சிகள் இல்லாமலிருந்தால் அந்தச் சட்டமே வந்திருக்காது.

டிக்கெட் விலை

உங்கள் கழகத்தின் மிகக் குறைந்த விலையுள்ள டிக்கெட்டைப் பத்தாண்டுகளுக்கு எழுதி, விலைவாசி உயர்வோடு ஒப்பிட்டால் போதும். 2016 பிப்ரவரி 6 அன்று, 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் 77-ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி, சண்டர்லாண்டிடம் 2-2 என்று சமன் செய்துகொண்டது. சில நாட்களில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டில் வருகை ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. ஒன்றுசேர்ந்த எதிர்ப்பு பலிக்கும் இடம் இது: 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கழகங்கள் தங்களுக்கென்று தனியாக அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீகிலிருந்து ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டே நாட்களில் பின்வாங்கியதும் ரசிகர்கள் தெருவில் இறங்கியதால்தான்.

மற்ற நாடுகளோடு ஒப்பிடும்போது

ஜெர்மனியைக் காட்டி வாதம் செய்பவர்கள் பாதிக் கதையைச் சொல்வார்கள். அங்கே வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற "50+1" விதி, சில விலக்குகளோடு, நடைமுறையில் உள்ளது. நின்று பார்க்கும் இடங்கள் மலிவு. 2024 பிப்ரவரியில் ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து, லீகின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தையே கைவிடச் செய்தார்கள். அதே ஜெர்மனியில் 2013 முதல் 2023 வரை பதினொரு முறை தொடர்ந்து பயர்ன் மியூனிக் பட்டம் வென்றது. அந்த வரிசையை 2024-இல் உடைத்த லெவர்கூசன், "50+1" விதியிலிருந்து விலக்குப் பெற்ற, மருந்து நிறுவனத்துக்குச் சொந்தமான கழகம். நம் நான்கு பக்கங்களில், முதல் பக்கத்தில் ஜெர்மனி தோற்கிறது. மூன்றிலும் நான்கிலும் வெல்கிறது.

சிறிய நாடுகளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பல்கேரியாவில் லுடோகொரெட்ஸ் 2012 முதல் 2025 வரை பதினான்கு பட்டங்களைத் தொடர்ந்து வென்றதற்கு, ஐரோப்பியப் போட்டிகளில் நுழையும் ஒரு கழகத்துக்குக் கிடைக்கும் பணம் அந்த நாட்டின் மற்றக் கழகங்களுக்கு எட்டாத தொகையாக இருப்பதும் முக்கியக் காரணம். முன்பு ஐரோப்பியக் கோப்பை எனப்பட்ட சாம்பியன்ஸ் லீகை 2004-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ வென்ற பிறகு, 2025-இல் பாரிஸ் அணி வெல்லும் வரை, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளுக்கு வெளியே அந்தக் கோப்பை போகவில்லை. பாரிஸ் கழகமும் கத்தார் அரசின் முதலீட்டு அமைப்புக்குச் சொந்தமானது.

ஆட்டம் பார்க்கும்போது

இதுவரை சொன்னவை சீசன் முடிந்த பிறகு செய்யும் கணக்குகள். ஆட்டம் ஓடும்போதே செய்யக்கூடிய ஓர் எளிய அளவையும் உண்டு. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் 75-ஆவது நிமிடத்தில் கோல் வித்தியாசம் என்ன என்று எழுதுங்கள். வித்தியாசம் ஒன்று அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் இல்லை. மேல் ஆறு அணிகளும் கீழ் ஆறு அணிகளும் மோதும் ஆட்டங்களைத் தனியாகவும், மற்றவற்றைத் தனியாகவும் வைத்தால், ஒரு சீசனில் எத்தனை மாலைகள் உங்களுக்கு உண்மையில் போட்டியைத் தந்தன என்பது தெரிந்துவிடும்.

இதைச் செய்யும் வசதி இங்கிலாந்து ரசிகரைவிட நமக்கே கூடுதல் என்பது வேடிக்கை. மைதானத்துக்குக் கூட்டம் குறையாமலிருக்க, சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை அங்கே நேரலையில் காட்டுவதில்லை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அதே ஆட்டங்கள் குளிர்காலத்தில் இரவு 8.30 மணிக்கும், அங்கே கடிகாரத்தை முன்னகர்த்தும் மாதங்களில் 7.30 மணிக்கும் தொடங்குகின்றன. நாம் செலுத்தும் சந்தாவும் வெளிநாட்டு ஒளிபரப்புத் தொகையின் ஒரு துளியாக அந்த 20 கழகங்களின் வருமானத்தில் சேர்கிறது, மதிலின் உயரத்தையும் கூட்டுகிறது. அடுத்த சீசனில் மேலேறி வரும் மூன்று பெயர்களை நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இப்போதே எழுதி, எதிரில் மூன்று கட்டங்களைக் காலியாக விட்டு வையுங்கள்: கிறிஸ்துமஸ் அன்று புள்ளிகள், ஈஸ்டர் அன்று புள்ளிகள், மே மாத இறுதியில் நிலைத்ததா இறங்கியதா.